வர்க்கமும் நிறைவெண்ணும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை உச்சியில் சோதி தெரிந்தவுடன் ஊரிலுள்ள வாசல்களிலெல்லாம் அகல் விளக்குகள் வரிசை வரிசையாய் ஒளிரத் தொடங்கும். அந்த வரிசைகளிலே பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. 24 அகல்களை, எந்த வரிசையிலும் கூடுதல் குறைவின்றி, எப்படி எப்படி அடுக்கலாம்? ஒரே வரிசையாயின் 24, இரண்டாயின் 12, மூன்றாயின் 8, நான்காயின் 6. இங்கே வந்த 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்ற எட்டும் 24-இன் காரணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை உண்டாதலால் அவற்றின் தொகை இரட்டைப்படையாயிற்று.

இனி 36 அகல்களை எடுத்துக்கொள்வோம். 1-க்கு 36, 2-க்கு 18, 3-க்கு 12, 4-க்கு 9 என்று ஜோடி சேர்ந்தபின், 6 மட்டும் வேறு துணையின்றித் தனக்குத் தானே துணையாகிறது. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு, சரியான சதுரம்! காரணிகள் ஒன்பது. காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது முழு வர்க்கங்களுக்கு மட்டுமே உரிய லட்சணம்.

நிறைவெண் என்பது வேறு ஜாதி. ஓர் எண்ணை விலக்கி அதன் மற்றக் காரணிகளைக் கூட்டினால் அவ்வெண்ணே வருமாயின் அது நிறைவெண். 6-க்கு 1, 2, 3. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டிப் பார்க்கலாம். முருகனுக்கு முகங்கள் ஆறு, சைவாகமங்கள் இருபத்தெட்டு. இவை கணக்குப் பார்த்து அமைந்தவை என்று சொல்ல நாம் துணியோம். கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களை எண்ணினால், 8-இன் காரணிகள் 7-லேயே நின்றுவிடுகின்றனவே! 28-க்கு அடுத்த நிறைவெண் 496, அதற்கடுத்தது 8128.

ஆங்கிலத்தில் இரண்டு வகைக்கும் 'பெர்ஃபெக்ட்' என்ற ஒரே அடைமொழி. ஆகையால் 36-ஐ நிறைவெண் என்று எழுதும் பையன் வருஷந்தோறும் ஒருவனாவது அகப்படுகிறான். அவனைக் கோபித்துப் பயனில்லை. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் செய்யும் நாம், எந்த வர்க்கமும் நிறைவெண்ணாக முடியாது என்பதை அவனுக்குக் காட்டியதுண்டா?

காரணம் எளிதே. நிறைவெண்ணின் காரணிகளை அவ்வெண்ணையும் சேர்த்துக் கூட்டினால் அதன் இரு மடங்கு வரும், அது இரட்டைப்படை. வர்க்கத்திலோ 2 என்ற காரணி ஜோடி ஜோடியாகவே இருக்கும். அவற்றையெல்லாம் வகுத்து நீக்கினால், எஞ்சும் ஒற்றை எண்ணும் வர்க்கமே. 36-இல் எஞ்சுவது 9. 36-இன் ஒற்றைக் காரணிகள் இந்த 9-இன் காரணிகளான 1, 3, 9 தாம். வர்க்கத்தின் காரணிகளாதலால் அவற்றின் எண்ணிக்கையும் ஒற்றைப்படை; கூட்டுத்தொகையும் ஒற்றைப்படை. மற்ற இரட்டைக் காரணிகளைச் சேர்ப்பதால் அது மாறாது. 36-க்கு மொத்தம் 91. ஒற்றை எண் எப்படி ஒன்றன் இரு மடங்காகும்?

ஒற்றைப்படை நிறைவெண் ஏதேனும் உண்டா என்பது உலகத்துக் கணித நிபுணர்களுக்கே இன்றுவரை விளங்கவில்லை. அப்படி ஒன்று என்றைக்காவது அகப்பட்டாலும் அது வர்க்கமாயிராது என்று ஆறாம் வகுப்புச் சிறுமி இன்றைக்கே சொல்லிவிடலாம்.

ரூபாய்க்கு 100 காசு, 100-உம் வர்க்கம். அதன் காரணிகள் 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100. மொத்தம் 217. அருணாசலேசுவரர் கோயில் ராஜகோபுரத்தின் உயரமும் 217 அடி! வெறும் தற்செயல்தான், ஆயினும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த விடை மறப்பதில்லை.