காரணிகள் மலிந்த எண்கள்

6746328388800 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10080 இருக்கின்றன. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையா. இப்படித் தனக்குக் கீழுள்ள எண்கள் அனைத்தையும் காரணி எண்ணிக்கையில் விஞ்சி நிற்பது உயர் சேர்த்தி எண் எனப்படும். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்த நீண்ட கட்டுரையில் இவ்வகை எண்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். மேலே கண்ட எண், அக்கட்டுரையிலுள்ள அட்டவணையின் கடைசி எண்.

சிறிய உயர் சேர்த்தி எண்கள் அன்றாடப் புழக்கத்தில் இருப்பவைதான். டசினுக்கு 12, நாளுக்கு 24 மணி அல்லது 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை. ஏறாவூர்ச் சந்தையில் வாங்கிய 60 தேங்காயை இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை எத்தனை பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு காய் கூடி 61 ஆகிவிட்டால் முடியாது. 61 முதன்மை எண், அதற்கு 1உம் 61உம் மட்டுமே காரணிகள்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. எண்ணை முதன்மைக் காரணிகளின் வலுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஆகவே காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. வேடிக்கை என்னவென்றால், இந்த 10080உம் ஓர் உயர் சேர்த்தி எண்ணே.

இந்தப் பிரிப்பில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: முதன்மை எண்கள் இடைவெளியின்றி வருகின்றன, சுட்டிகள் எங்கும் ஏறுவதில்லை. காரணம் எளியது. 12 = 2² × 3, 18 = 2 × 3²; இரண்டுக்கும் ஆறு காரணிகள். பெரிய சுட்டியைச் சிறிய முதன்மை எண்ணுக்குக் கொடுத்தால் எண் சிறிதாகிறது. அதற்காக 2ஐ மட்டும் பெருக்கிக்கொண்டே போவதும் வீண். 12 காரணிகளுக்கு 2¹¹, அதாவது 2048 வேண்டும். அதே 12 காரணிகளை 60 தந்துவிடுகிறது. கடைசி முதன்மை எண்ணின் சுட்டி எப்போதும் 1 என்றும், 1ஐத் தவிர்த்துப் பார்த்தால் 4, 36 ஆகிய இரண்டே இதற்கு விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். கட்டுரையின் மிக அழகான முடிவு இதுவே எனலாம்.

அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கில் விடுபட்டது ஒன்றே: 293318625600. அதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்துவிடும்! காரணிகள் 5040இலிருந்து இரட்டித்து 10080 ஆகும்.

இந்த ஆய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்குப் பட்டம் வழங்கியது. ஆயினும் போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்கு ஏற்பட்ட பண நெருக்கடியால் கட்டுரையின் பின்பகுதி அச்சேறவில்லை. 1997இல்தான் ஜான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் இருவரும் அதைப் பதிப்பித்தனர். காரணிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதையும் அப்பகுதி ஆராய்கிறது. முதன்மை எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளை மெய்யெனக் கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் எவையும் அக்கூட்டுத்தொகைக்குரிய குறிப்பிட்ட எல்லையொன்றைத் தாண்டா என்பது அதில் கிடைக்கும் முடிவு.

அதற்கு முன்னரே, 1984இல், ரோபன் இத்தொடர்பை இருவழித் தொடர்பாக்கியிருந்தார்: 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த எல்லையைத் தாண்டாது என்று நிறுவுவதும் ரீமான் கருதுகோளை நிறுவுவதும் ஒன்றே. 5040 தாண்டுகிறது. அதற்கு மேல் தாண்டும் எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை.