சொட்டு ரத்தமும் கிளார்க் தாத்தாவும்

காலையில் விரலைக் குத்தி மீட்டரில் வைத்தேன். ஐந்தே விநாடியில் '186' என்றது.

"நேத்து கல்யாண வீட்டுல எத்தனை ஜாங்கிரி?" என்றாள் மனைவி.

நான் பொய் சொல்லலாம். மீட்டர் சொல்லாதே! இந்தக் கோள்சொல்லியின் தாத்தா, லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர்.

1950-களில் ஓஹையோவின் அன்டியாக் கல்லூரியில் இருந்தவர், ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் கருவி செய்து கட்டுரை அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. ஏறிய ஆக்ஸிஜன் எவ்வளவென்று அளக்கவில்லையாம்!

நியாயம்தான். எப்படி அளப்பது? பிளாட்டினம் முனையில் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், ஆக்ஸிஜனுக்குத் தக்கபடி மின்சாரம் ஓடும். இது பழைய சங்கதி. ஆனால் ரத்தத்தில் வைத்தால் புரதம் படிந்து முனை பாழ். மனுஷர் இரண்டு மின்முனைகளையும் சேர்த்து மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினார். ஆக்ஸிஜன் நுழையும், புரதம் நுழையாது. அட, இவ்வளவுதானா என்று தோன்றுகிறதல்லவா? யாருக்கும் தோன்றவில்லையே! 1956-ல் அச்சேறியது.

பிறகு அலபாமா. 1962-ல் சாம்ப் லையன்ஸுடன் சேர்ந்து அதே முனையில் குளுகோஸ் ஆக்ஸிடேஸ் என்சைமை வைக்கலாம் என்று எழுதினார். அது சர்க்கரையோடு வினைபுரிய ஆக்ஸிஜனைச் செலவழிக்கும். குறைகிற ஆக்ஸிஜனே சர்க்கரைக்குக் கணக்கு. பயோசென்சர் பிறந்த கதை இதுதான். அந்த வழியில் சர்க்கரை அளக்கும் கருவி 1975-ல் விற்பனைக்கு வந்தது.

நடுவில் 1966-ல், ஆக்ஸிஜன் நிறைந்த திரவத்தில் எலியை மூழ்கடித்து மூச்சு விட வைத்தார். அது தனிக் கதை.

2005-ல் 86 வயதில் காலமானார். என் மீட்டர் பட்டையிலும் என்சைம்தான். எலெக்ட்ரானைக் கடத்த மட்டும் ஆக்ஸிஜனுக்குப் பதில் வேறு ரசாயனம்.

சாயங்காலம் மறுபடி குத்த வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு ஜாங்கிரி பாக்கி.