ராமேஸ்வரத்தில் ஒரு நாள் ரூம்... டைம்ஷேர் பாயின்ட்ஸைப் போடலாமா, பணமே கட்டிவிடலாமா?

"தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகணும். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும். அம்மாவுக்குப் படி ஏற முடியாது, கோயில் பக்கத்துல நல்ல ரூமா பாரு."

பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் தொடங்கும். மொபைலில் ஹோட்டல் ஆப்பைத் திறந்தால், வழக்கமான நாளைவிட ரேட் எகிறிக் கிடக்கும். அப்போதுதான் யாருக்காவது ஞாபகம் வரும். "நம்மகிட்டதான் டைம்ஷேர் மெம்பர்ஷிப் இருக்கே! பாயின்ட்ஸ் சும்மாதானே கிடக்கு, அதுல ஒரு ஹோட்டல் போட்டுட வேண்டியதுதானே?"

பாயின்ட்ஸ் உண்மையிலேயே சும்மா கிடக்கிறதா? ராமேஸ்வரம் போன்ற ஊரில் அதைச் சாதாரண ஹோட்டல் ரூமுக்குச் செலவழிப்பது லாபமா, நஷ்டமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டைம்ஷேர் என்றால் என்ன?

ஒரு ரிசார்ட்டில் ஆண்டுக்குச் சில நாட்கள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே காசு கொடுத்து வாங்குவதுதான் டைம்ஷேர். சொத்து உங்கள் பெயருக்கு வராது. தங்கும் உரிமை மட்டும்தான் வரும்.

1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய பழக்கம் இது. சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் நிறுவனம் 1963-ல் தொடங்கப்பட்டது. ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறு ஊரில் மாற்றிக்கொள்ள உதவும் ஆர்சிஐ நிறுவனம் 1974-ல் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவில் ஸ்டெர்லிங் 1986-லும், கிளப் மஹிந்திரா 1996-லும் தொடங்கின. 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7 இரவுகள் என்பது கிளப் மஹிந்திராவின் பிரபலமான திட்டம். எந்த சீசனில் தங்கலாம் என்பதை பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நிறம் வைத்துப் பிரிப்பார்கள்.

'ஒரே வாரம், ஒரே ரிசார்ட்' என்று கட்டிப்போட்டால் ஆட்கள் சலித்துவிடுவார்கள் இல்லையா? அதனால் வந்ததுதான் பாயின்ட்ஸ் முறை. ஆண்டுக்கு இத்தனை புள்ளிகள் என்று கணக்கில் ஏறும். அவற்றைச் சொந்த ரிசார்ட்டில் செலவழிக்கலாம். சில திட்டங்களில் கூட்டணி வைத்திருக்கும் சாதாரண ஹோட்டல்களிலும் செலவழிக்கலாம்.

குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு பாயின்ட்ஸ்

ஹோட்டல் செயின்களின் லாயல்டி பாயின்ட்ஸ் வேறு, டைம்ஷேர் பாயின்ட்ஸ் வேறு. நீங்கள் ஆபீஸ் வேலையாகத் தங்கும்போதோ, கிரெடிட் கார்டு தேய்க்கும்போதோ கூடவே சேர்வது லாயல்டி பாயின்ட்ஸ். அது கிட்டத்தட்ட இனாம். டைம்ஷேர் பாயின்ட்ஸ் அப்படியல்ல. ஒவ்வொரு புள்ளியும் நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணம். 'ஃப்ரீ ஸ்டே' என்று ஆப் காட்டினாலும் அது ஃப்ரீ இல்லை.

ராமேஸ்வரத்தில் ஹயாட் பிளேஸ் ஹோட்டல் இருக்கிறது. அந்தக் குழுமத்தின் லாயல்டி பாயின்ட்ஸ் வைத்திருப்பவர் அங்கே பாயின்ட்ஸில் ரூம் போட்டால் அது ஒரு கணக்கு. அமெரிக்காவில் இதே பெயரில் இயங்கும் வெகேஷன் கிளப்பில் டைம்ஷேர் வாங்கிய தமிழர் ஒருவர், அந்தக் கிளப் புள்ளிகளை ஹோட்டல் புள்ளிகளாக மாற்றி ஊருக்கு வரும்போது தங்கினால் அது முற்றிலும் வேறு கணக்கு. முன்னவருக்குக் கைக்காசு போகவில்லை. பின்னவர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு பாயின்ட்டின் விலை என்ன?

இதற்குப் பெரிய எக்செல் ஷீட் எல்லாம் தேவையில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

• மெம்பர்ஷிப் கட்டணம்: ரூ.4,00,000. 25 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ரூ.16,000.

• ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்: ரூ.20,000. 18% ஜிஎஸ்டி ரூ.3,600 சேர்த்தால் ரூ.23,600.

• ஆக, ஆண்டுச் செலவு ரூ.39,600.

• ஆண்டுக்குக் கிடைக்கும் புள்ளிகள் 700 என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளியின் அடக்க விலை சுமார் ரூ.56.57.

இப்போது ராமேஸ்வரத்தில் ஒரு ஹோட்டல் ரூமுக்கு 80 புள்ளிகள் கேட்கிறார்கள் என்று வைப்போம். அதாவது உங்கள் பணத்தில் ரூ.4,526. அதே ரூமை நேரடியாக ஆப்பில் போட்டால் ரூ.3,500 வாடகை. ஒரு இரவுக்கு ரூ.7,500 வரையிலான ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5% தான். ஆக மொத்தம் ரூ.3,675. புள்ளிகளில் போட்டால் ஒரே இரவில் ரூ.850 கூடுதலாகப் போகிறது.

"அமாவாசை அன்னிக்கு ரேட் டபுள் ஆகுமே?" நியாயமான கேள்வி. அதே ரூம் ரூ.6,500-க்கு ஏறினால், வரியோடு ரூ.6,825. அன்றைக்கும் 80 புள்ளிகளுக்கே கொடுத்தால் உங்களுக்கு ரூ.2,299 மிச்சம். ஆனால், கூட்டம் அலைமோதும் நாளில் புள்ளிக்கு ரூம் ஒதுக்குவார்களா, ஒதுக்கினாலும் அதே 80 புள்ளிதானா என்பதைப் பொறுத்துத்தான் இந்த லாபம்.

ராமேஸ்வரத்தில் கணக்கு ஏன் மாறுகிறது?

டைம்ஷேர் என்பது ஒரு வாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஓய்வெடுப்பவர்களுக்காக உருவானது. கிச்சன் வைத்த அறை, நீச்சல் குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு என எல்லாம் அதற்கேற்ற ஏற்பாடு. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு போன்ற ஊர்களுக்கு அது பொருந்தும்.

ராமேஸ்வரம் பயணத்தின் தாளமே வேறு. விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம், அக்னி தீர்த்தக் கடலில் நீராடல், தர்ப்பணம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ஈரத் துணியை மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம். மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி, அரிச்சல்முனை. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். பெரும்பாலான குடும்பங்கள் ஒரே இரவோடு கிளம்பிவிடும். பெட்டி வைக்கவும், குளித்து உடை மாற்றவும், நாலு மணி நேரம் தூங்கவும்தான் ரூம்.

இந்த ஊரில் ரூமின் மதிப்பை முடிவு செய்வது கோயிலுக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான். 22 தீர்த்தம் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட நனைந்து வரும் அம்மாவுக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள நட்சத்திர ஹோட்டலைவிட, கோபுரத்துக்கு எதிர்த் தெருவில் உள்ள லாட்ஜே பெரிய வசதி. பாயின்ட்ஸ் பட்டியலில் அந்த லாட்ஜ் இருக்க வாய்ப்பு குறைவு.

தவிர, இங்கே மாற்று வழிகளும் அதிகம். கோயில் தேவஸ்தான விடுதிகள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு, பல்வேறு மடங்கள், சமுதாயச் சத்திரங்கள் என்று பட்ஜெட்டுக்கு ஏற்ற இடங்கள் இருக்கின்றன.

இன்னொன்று ரயில். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு, மண்டபத்தோடு இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு ரயில் மீண்டும் தீவுக்குள்ளேயே வருகிறது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து, அன்று இரவே திரும்பும் குடும்பத்துக்கு முழு நாள் ரூமே தேவைப்படாமல் போகலாம்.

முக்கியமான சிக்கல் தேதி. ஊட்டி டிரிப்பை ஒரு வாரம் தள்ளிப் போடலாம். ஆடி அமாவாசையையும், அப்பாவின் திதியையும் தள்ளிப் போட முடியுமா? 'அந்தத் தேதியில் ரூம் இல்லை, அடுத்த வாரம் தரலாமா?' என்று பதில் வந்தால் அத்தனை புள்ளிகள் இருந்தும் பயனில்லை.

ஏற்கெனவே மெம்பரா? இப்படி யோசியுங்கள்

கட்டிய 4 லட்சம் திரும்ப வரப் போவதில்லை. அதை நினைத்து மருகுவதைவிட, கையில் இருக்கும் புள்ளிகளை எங்கே போட்டால் அதிக மதிப்பு கிடைக்கும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். சூத்திரம் எளிது. அந்த ரூமின் நேரடி விலையை, கேட்கும் புள்ளிகளால் வகுங்கள்.

ராமேஸ்வரம் சாதாரண நாள்: ரூ.3,675-ஐ 80 புள்ளிகளால் வகுத்தால், ஒரு புள்ளிக்கு ரூ.46 மதிப்பு.

மே மாத ஊட்டி: வெளியில் ரூ.8,000 வாடகை உள்ள ரூம், 18% ஜிஎஸ்டியோடு ரூ.9,440. அதற்கு 100 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளிக்கு ரூ.94 மதிப்பு.

அதே புள்ளிதான். மலையில் கிடைப்பதில் பாதி மதிப்புதான் கடற்கரையில் கிடைக்கிறது. ஹோட்டலாக மாற்றுவதற்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ரூ.1,500 என்று வைத்தால், ராமேஸ்வரத்தில் புள்ளியின் மதிப்பு ரூ.27-க்கு இறங்கிவிடும்.

அதனால் முடிவு உங்கள் நிலையைப் பொறுத்தது:

• கோடை விடுமுறைக்கு ரிசார்ட் போகும் திட்டம் இருக்கிறதா? புள்ளிகளை அதற்கு வையுங்கள். ராமேஸ்வரத்துக்குப் பணம் கட்டுங்கள்.

• புள்ளிகள் காலாவதியாகப் போகின்றன, வேறு பயணமும் இல்லையா? தாராளமாக ராமேஸ்வரத்தில் போடுங்கள். வீணாய்ப் போனால் மதிப்பு பூஜ்யம். அதற்கு ரூ.27-ம் மேல்தான்.

• அமாவாசை போன்ற நாளில் கூடுதல் புள்ளி கேட்காமல் கன்ஃபர்ம் ஆகிறதா? யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கன்ஃபர்மேஷன் கைக்கு வரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய வேறொரு ரூமையும் பிடித்து வையுங்கள்.

"ஹோட்டலுக்கும் யூஸ் பண்ணலாம் சார்" என்று புதிதாக விற்க வருகிறார்களா?

மாலில் கூப்பன் எழுதிப் போட்டவர்களுக்கு வரும் போன் கால் தெரிந்ததுதான். "கிஃப்ட் விழுந்திருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரும் வாங்க." அங்கே ரிசார்ட் படங்களைக் காட்டி முடித்ததும், தயங்குபவர்களிடம் கடைசியாக எடுத்துவிடும் அஸ்திரம் இந்த ஹோட்டல் வசதி.

அந்த நேரத்தில் ஒரு கணக்கு மனசில் ஓடட்டும். 4 லட்சத்தை 7% வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு ரூ.28,000, வரிக்கு முன். அதோடு, கட்ட வேண்டியிராத பராமரிப்புக் கட்டணம் ரூ.23,600-ஐயும் சேர்த்தால் ரூ.51,600. ஆண்டுக்கு 7 இரவுகள், ஒவ்வொன்றும் ரூ.7,371-க்கு, நீங்கள் விரும்பிய ஊரில், விரும்பிய ஹோட்டலில் தங்கலாம். அசல் 4 லட்சம் அப்படியே இருக்கும். விலைவாசி ஏறும்போது ஹோட்டல் வாடகையும் ஏறும் என்பது உண்மை. பராமரிப்புக் கட்டணமும் ஏறும் என்பதும் உண்மை.

ஆண்டுதோறும் தவறாமல் ஒரு வாரம் குடும்பத்தோடு ரிசார்ட்டில் தங்குபவர்களுக்கு டைம்ஷேர் கட்டுப்படியாகலாம். முக்கியமாக ஹோட்டல்களுக்குப் பயன்படுத்தத்தான் என்றால், வாங்காமல் இருப்பதே நல்லது.

"தங்கவில்லை என்றால் பணமாகவே திருப்பித் தருகிறோம், லாபத்தோடு" என்று யாராவது சொன்னால் இன்னும் உஷாராக வேண்டும். விடுமுறைத் திட்டம் என்ற பெயரில் ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் திரட்டிய பணத்தை, அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி 2015-ல் செபி நடவடிக்கை எடுத்தது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. ராமேஸ்வரம், மதுரை போன்ற ஊர்களில் எந்தெந்த ஹோட்டல்கள்? பட்டியல் எழுத்தில் கிடைக்குமா?

2. அமாவாசை, பொங்கல், தீபாவளி நாட்களில் புக் செய்ய முடியாத 'பிளாக்-அவுட்' தேதிகள் உண்டா?

3. ஹோட்டலாக மாற்றத் தனிக் கட்டணம் எவ்வளவு? காலை உணவு, வரி உள்ளடங்குமா?

4. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும்? தங்காத ஆண்டிலும் கட்டணுமா?

5. பயன்படுத்தாத புள்ளிகள் எத்தனை ஆண்டுகள் செல்லும்?

6. மனம் மாறினால் எத்தனை நாட்களுக்குள் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் முதலில் பேசும். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் எழுத்தில் இல்லையென்றால், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாக்குறுதியை மீறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்தையும் அணுகலாம். கட்டிய தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட அளவிலேயே வழக்குப் போட முடியும்.

தை அமாவாசைக்கு ரூம் தேடும் அந்தக் குடும்பத்துக்கு வருவோம். புக் செய்யும் முன் மொபைலில் இரண்டு திரைகளைத் திறந்து பார்த்தால் போதும். ஒன்றில் பாயின்ட்ஸ் எத்தனை, மற்றொன்றில் ரூபாய் எவ்வளவு. வகுத்து வரும் எண் உங்கள் புள்ளியின் அடக்க விலையைவிடக் குறைவாக இருந்தால், பணம் கட்டிக் கோயில் பக்கத்திலேயே ரூம் எடுங்கள். புள்ளிகள் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு இருக்கட்டும்.