மூன்றாம் சக்கரத்துக்கு ஒரு கீல்

ஓடுகிற பைக்கை இடப்பக்கம் திருப்ப நம் கை என்ன செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஹேண்டில்பாரின் இடது பிடியை ஒரு துளி முன்னால் தள்ளுகிறது. அப்படித் தள்ளினால் முன்சக்கரம் வலப்பக்கம் அல்லவா திரும்பும்? ஆமாம், வலப்பக்கம்தான் திரும்புகிறது. டயர்கள் வலப்பக்கம் ஒதுங்க, மேலே இருக்கும் எடை இடப்பக்கம் சரிகிறது. வண்டி சாய்கிறது, சாய்ந்த பிறகுதான் இடப்பக்கம் வளைகிறது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, உடம்பே கற்றுக்கொள்கிறது. விமானம் கட்டுவதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். எடுத்த எடுப்பில் முழுக்கச் சரியாகச் சொன்ன ஒருவரையும் அவர் சந்திக்கவில்லை.

அதே பைக்கில் ஒரு சைடுகாரைப் பூட்டுவோம். நம் நாட்டு வழக்கப்படி இடப்பக்கம், நாலு இடத்தில் போல்ட்டு போட்டு அசையாமல் இறுக்கிவிடுவோம். இப்போது இடப்பக்க வளைவு வருகிறது. பழகிய கை இடது பிடியைத் தள்ளுகிறது. முன்சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. ஆனால் வண்டி சாய முடியாது, சைடுகார் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சாயாத வண்டி முன்சக்கரம் காட்டும் திசையில்தான் போகும். அதாவது வலப்பக்கம், எதிரே லாரி வரும் பக்கம். பைக்கே ஓட்டத் தெரியாதவர் காரின் ஸ்டியரிங்கைப் போல நினைத்துத் திருப்பித் தப்பிவிடுவார். இருபது வருடம் பைக் ஓட்டியவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

இறுக்கிப் பூட்டிய சைடுகாருக்கு இன்னொரு குணமும் உண்டு. இடப்பக்கம் திரும்பும்போது அது தரையை விட்டு எழப் பார்க்கும். எவ்வளவு வேகத்தில் எழும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 270 கிலோ, அந்த எடையின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில். காலி சைடுகார் 70 கிலோ, அதன் எடைமையம் பைக்கிலிருந்து 70 செ.மீ. தள்ளி, 40 செ.மீ. உயரத்தில். இரண்டையும் சேர்த்தால் மொத்த எடைமையம் பைக்கின் கோட்டிலிருந்து வெறும் 14 செ.மீ.தான் இடப்பக்கம் நகர்கிறது. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 26 கிலோமீட்டரைத் தொட்டாலே மூன்றாம் சக்கரம் காற்றில் இருக்கும். உள்ளே 60 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்தால் அது 32 கிலோமீட்டராக உயரும், அவ்வளவுதான். காலியாகப் போகும்போது பெட்டிக்குள் மணல் மூட்டை வைத்துப் பழகச் சொல்வது இதனால்தான். இதே வளைவைத் தனி பைக் 35 டிகிரி சாய்ந்து 42 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக எடுத்துவிடும்.

மூன்று சக்கரம் வந்த பிறகு வண்டி இன்னும் எளிதாகக் கவிழ்கிறது என்பது விந்தையாகத் தோன்றலாம். தனி பைக் விழாமல் இருப்பது அதன் அகலத்தால் அல்ல, சாய்வால். வேகமும் வளைவும் எவ்வளவு சாய்வு கேட்கின்றனவோ அவ்வளவு சாய்ந்து கொடுத்து அது சமன்செய்துகொள்கிறது. போல்ட்டு போட்டு இறுக்கியதும் அந்தத் திறமை போய்விடுகிறது. அதற்கு ஈடாகக் கிடைத்த அகலமோ போதவில்லை.

அப்படியானால் போல்ட்டுக்குப் பதில் கீல் வைத்தால் என்ன?

பைக்கின் அடியில், எஞ்சினுக்குக் கீழே, முன்னும் பின்னுமாக இரண்டு கீல்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில், வண்டி போகும் திசையில் படுத்திருக்கின்றன. சைடுகாரின் கைகள் அவற்றில் வந்து சேர்கின்றன. இப்போது பைக் முன்னும் பின்னும் சைடுகாரை விட்டு நகர முடியாது. ஆனால் இடமும் வலமும் தாராளமாகச் சாயலாம். சைடுகார் தட்டையாகவே உருண்டு வரும். பழகிய கை பழகியபடி தள்ளினால் போதும், வண்டி பழகியபடி வளையும்.

சைடுகார் எழுமே, அது என்ன ஆயிற்று? இங்கேதான் இந்தக் கீலின் அழகு இருக்கிறது. பைக் தன் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்வதால் அதன் 270 கிலோவை சைடுகார் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. சைடுகார் எழ வேண்டுமானால் அது கீலைச் சுற்றி எழ வேண்டும். கீல் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் எடைமையம் கீலிலிருந்து 70 செ.மீ. தள்ளியும் 20 செ.மீ. மட்டுமே உயர்ந்தும் இருக்கிறது. அதைத் தூக்க, புவியீர்ப்பைப் போல மூன்றரை மடங்கு பக்கவாட்டு விசை வேண்டும். சாலையில் ஓடும் டயர் ஒரு மடங்கு விசையைத் தாங்குவதே பெரிய விஷயம். டயர் வழுக்கிப் போகலாம், காலி சைடுகார் எழாது. பெட்டியின் எடையை நாம் கூட்டவில்லை, அகலத்தை மாற்றவில்லை. 26 கிலோமீட்டரில் எழுந்த அதே பெட்டி, கீல் வைத்ததும் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

இது புது யோசனையும் அல்ல. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஹார்லி டேவிட்சன் விற்றுக்கொண்டிருந்த ஹியூகோ யங் என்பவர், பைக்கோடு சேர்ந்து சக்கரமும் சாயும் சைடுகாரை வடிவமைத்தார். அதைத் தயாரிக்க 1913இல் லௌடன்வில் என்ற சிற்றூரில் ஒரு நிறுவனம் பிறந்தது, பெயர் ஃப்ளெக்சிபிள். காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் தந்த சார்லஸ் கெட்டரிங் அதே ஊரில் பிறந்தவர், அவரும் நிறுவனத்துக்குத் தோள் கொடுத்தார். ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் ஃபோர்டு தன் மாடல் டி காரின் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. சைடுகார் வாங்குகிற காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் கூரையோடு கார் கிடைக்கும் என்றால் யார் சைடுகார் வாங்குவார்கள்? ஃப்ளெக்சிபிள் 1924இல் பஸ் கட்டும் தொழிலுக்கு மாறி, 1996 வரை அதில் இருந்தது. சாயும் சைடுகாரைத் தோற்கடித்தது அதன் குறை எதுவும் அல்ல, மலிவான காரே என்பது என் எண்ணம்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மேன் தீவில் 1923இல் நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த ஆண்டுதான் அங்கே முதன்முறையாக சைடுகாருக்கென்று தனி டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பந்தயம் வைத்தார்கள். மலைமேல் ஏறி இறங்கும் 60 கிலோமீட்டர் பொதுச்சாலை, அதில் மூன்று சுற்று. ஃபிரெடி டிக்சன், பிரிஸ்டலில் தயாரான டக்ளஸ் வண்டியில் சைடுகார் பூட்டி வந்தார். அந்த சைடுகாரில் ஒரு நீண்ட லிவர் இருந்தது. கூட உட்கார்ந்திருந்த வால்டர் டெனி அந்த லிவரைக் கொண்டு சைடுகாரின் சக்கரத்தைத் தாழ்த்துவார், உயர்த்துவார். அதனால் பைக்கும் பெட்டியும் சேர்ந்தே ஒருபக்கம் சாயும். கீல் தானாகச் செய்யும் வேலையை இங்கே ஒரு மனிதரின் தோள்பட்டை செய்தது. வளைவு வருவதை டெனி முன்கூட்டியே பார்க்க வேண்டும், எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணிக்க வேண்டும், டிக்சன் நினைப்பதையே அதே நொடியில் தானும் நினைக்க வேண்டும். தவறினால் இரண்டு பேரும் கற்சுவரில். சராசரியாக மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் அவர்கள் அந்தப் பந்தயத்தை வென்றார்கள். டிக்சன் பிறகு 1927இல் தனி பைக்கிலும், 1935, 1936 ஆண்டுகளில் காரிலும் டிடி வென்றார். இரண்டு, மூன்று, நான்கு சக்கரங்களில் டிடி வென்ற ஒரே ஆள் அவர்தான்.

இனி பட்டறைக்கு வருவோம். சாயும் சைடுகாரைப் பூட்டுவதில் பாதி வேலை ஸ்பேனரில் இல்லை, அளவெடுப்பதில் இருக்கிறது. சமமான தரையில் பைக்கை நேராக நிறுத்தி, இரண்டு நீளமான சதுரக் குழாய்களைச் செங்கல் மேல் தரையை விட்டு ஒரு சாண் உயர்த்தி வைக்கிறார்கள். ஒன்று பைக்கின் இரண்டு டயர்களின் ஓரமாக, மற்றொன்று சைடுகார் டயரை ஒட்டி. பின்டயர் அகலமானது, அதனால் குழாய் அதன் இரண்டு விளிம்பையும் தொடும், முன்டயரைத் தொடாது. அங்கே விடுபடும் இடைவெளி முன்டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒரே அளவு வரும்வரை ஹேண்டில்பாரை நேராக்க வேண்டும். பிறகு இரண்டு குழாய்களுக்கும் நடுவே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்னளவு பத்து, பதினைந்து மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் கடையில் டோ-இன் என்பார்களே, அதுதான். சைடுகார் எப்போதும் வண்டியைத் தன் பக்கம் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும். அதன் சக்கரம் பைக்கை நோக்கி இம்மி திரும்பியிருந்தால் அந்த இழுப்பு சரியாகிவிடும்.

இறுக்கிப் பூட்டும் சைடுகாரில் பைக்கை ஓரிரு டிகிரி வெளிப்பக்கம் சாய்த்து வைப்பார்கள். முன் ஃபோர்க்கை மாற்றுவார்கள், சிலர் காரின் தட்டை டயரைக்கூடப் போடுவார்கள். சாயாத பைக்குக்கு உருண்டை டயர் எதற்கு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வீணாகும் என்பதே காரணம். கீல் வைத்தால் இவற்றில் எதுவும் வேண்டாம். பைக் தன் ஃபோர்க்கோடும் தன் டயரோடும் அப்படியே இருக்கலாம். ஸ்போக் சக்கரத்துக்கும் நிம்மதி. சாய்ந்து போகும் சக்கரத்தில் பளு ஸ்போக்குகளின் தளத்திலேயே இறங்கும், நேராக நின்று வளையும் சக்கரத்தையோ அந்தப் பளு பக்கவாட்டில் முறிக்கப் பார்க்கும்.

இதற்கெல்லாம் கீல் கேட்கும் விலை துல்லியம். இரண்டு கீலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன் கீல் கொஞ்சம் தூக்கலாக அமைந்து கோடு 3 டிகிரி சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக் 25 டிகிரி சாயும்போது, சைடுகார் போகும் திசைக்கும் பைக் போகும் திசைக்கும் நடுவே ஒன்றேகால் டிகிரி வேறுபாடு வந்துவிடும். நாம் குழாய் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த டோ-இன்னைப்போல இது இரண்டு மடங்கு. வளைவில் சாயும்போதெல்லாம் வண்டி யாரோ பின்னாலிருந்து திருகுவது போல ஆடும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. கீல் எவ்வளவு உயரத்தில் என்பதும் முக்கியம். 20 செ.மீ. உயரத்தில் கீல் இருந்து பைக் 25 டிகிரி சாய்ந்தால், டயர் தரையைத் தொடும் இடம் எட்டரை செ.மீ. பக்கவாட்டில் நகர வேண்டியிருக்கும். கீல் தரையிலேயே இருந்தால் இந்த நகர்வு இராது. ஆனால் நம் வேகத்தடைகள் அதை முதல் நாளே பெயர்த்துவிடும். ஆகவே இடிக்காத அளவுக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு.

இடப்பக்கம் சாய ஓர் எல்லையும் வேண்டும். இல்லையென்றால் ஓட்டுபவரின் முழங்கால் பெட்டியில் இடிக்கும். பெட்டியை இன்னும் தள்ளி வைத்தால் சாய இடம் கிடைக்கும், ஆனால் இழுப்பும் கூடும். எல்லையில் ரப்பர் வைத்த தடுப்பு ஒன்று இருப்பது நல்லது.

கீலால் தீராத பிரச்சினை அந்த இழுப்புதான். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சைடுகார் பின்தங்கும், வண்டி இடப்பக்கம் போகப் பார்க்கும். பிரேக் பிடித்தால் சைடுகார் முந்தப் பார்க்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். சைடுகார் சக்கரத்துக்கும் ஒரு பிரேக் வைத்தால் இரண்டாவது அடங்கும். அதை வைக்காமல் ஆள் ஏற்றிப் போவது சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, நிற்கும்போது வருவது. சிக்னலில் நின்றால் காலை ஊன்றத்தான் வேண்டும். மூன்று சக்கரம் இருந்தும் பைக் தனி பைக்கைப் போலவே விழும். அதனால் சில அமைப்புகளில் கீலைப் பூட்டி வைக்க ஒரு லிவர் உண்டு. வண்டியை நிறுத்தி இறங்க அது வசதி. ஆனால் பூட்டை எடுக்க மறந்து கிளம்பினால் ஒரு நொடியில் அது சாயாத சைடுகாராகிவிடும், கை தள்ளும் திசைக்கு அர்த்தம் தலைகீழாக மாறிவிடும். 2006இல் வந்த பியாஜியோ எம்பி3 என்ற சாயும் மூன்று சக்கர ஸ்கூட்டரிலும் நிற்கும்போது முன்பக்கத்தைப் பூட்டும் வசதி உண்டு. சாயும் மூன்று சக்கரம் எதுவானாலும் இந்தப் பூட்டைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

சைடுகாரில் உட்கார்ந்திருப்பவரை இதுவரை மறந்துவிட்டோம். 40 மீட்டர் ஆர வளைவில் 50 கிலோமீட்டர் வேகம். பைக் 26 டிகிரி சாய்கிறது. சாய்வு சரியான அளவில் இருப்பதால் ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் எந்தத் தள்ளலும் தெரியாது, தன் எடை நூற்றுக்குப் பதினொரு பங்கு கூடி சீட்டுக்குள் நேராக அமுங்குவதாக மட்டும் உணர்வார். ஒரு கை நீளத்தில் தட்டையான பெட்டிக்குள் இருப்பவர் 60 கிலோ என்றால், அவரை ஏறக்குறைய 30 கிலோ விசை பக்கச் சுவரோடு அழுத்தும். ஒரே வளைவு, ஒரே வேகம், இரண்டு பேருக்கும் இரண்டு பயணம். இதைத் தீர்க்கத்தான் பெட்டியும் சக்கரமும் பைக்கோடு இணையாகச் சாயும் வடிவங்களையும் செய்தார்கள். அதில் கைகளும் மூட்டுகளும் கூடும், தேய்மானமும் கூடும், அளவெடுக்கும் வேலையும் இரட்டிப்பாகும். தட்டைப் பெட்டியே போதும் என்று முடிவெடுப்பவர்கள், முதலில் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு மலைப்பாதையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். உயரமான பக்கச் சுவர், இறுக்கமான பெல்ட், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி ஆகிய மூன்றும் அப்போது தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடும்.