சேணம் இல்லாத குதிரையும் கையில் பட்டாவும்... யார் இந்த தாமஸ் மன்றோ?

நந்தனம் சிக்னலில் பஸ் ஏறி, அண்ணா சாலையில் வடக்கே போனால், சிம்சன் தாண்டி கூவத்தைக் கடந்ததும் தீவுத்திடலில் ஒரு குதிரை வீரர் சிலை தெரியும். குதிரைக்குச் சேணம் இல்லை. கால் வைக்க அங்கவடியும் இல்லை. அதை மறந்துவிட்ட சிற்பி அவமானத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அது வெறும் கதைதான். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டனில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையையும் இப்படித்தான் செய்திருக்கிறார்.

குதிரையில் இருப்பவர் சர் தாமஸ் மன்றோ. நம் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும் பட்டாவுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

போர்க்களத்திலிருந்து வயல்வெளிக்கு...

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர் மன்றோ. 1780-ல் கிழக்கிந்திய கம்பெனிப் படையில் பயிற்சி வீரராகச் சென்னைக்கு வந்தார். ஹைதர் அலி, திப்பு சுல்தான் இருவருக்கும் எதிரான போர்களில் பங்கேற்றார்.

1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிதான் அது. அங்கே கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழு ஆண்டுகள் வரி நிர்வாகம் பழகினார். 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பா பகுதிகளின் தலைமை கலெக்டர்.

வங்காளத்தில் ஜமீன்தார்கள் வழியாக வரி வசூலானது. இடையில் யாரும் வேண்டாம், நிலத்தை அளந்து, வரியை நிர்ணயித்து, பட்டாவை விவசாயி கையிலேயே கொடுக்கலாம் என்றார் மன்றோ. அதுதான் ரயத்துவாரி முறை.

வரியின் சுமை

ஆனால், விளைச்சலில் ஏறக்குறைய பாதி வரியாகப் போனது. கால் பங்கு குறைக்கலாம் என்று 1807-ல் அவரே பரிந்துரைத்தார், மேலிடம் ஏற்கவில்லை. 1820-ல் சென்னை மாகாண கவர்னரான பிறகுதான், குறைத்த வரியோடு ரயத்துவாரி பரவலாக அமலுக்கு வந்தது. அப்போதும் விவசாயிக்கு நிம்மதி இல்லை. வரி கேட்டு விவசாயிகள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855-ல் அரசின் விசாரணைக் குழுவே உறுதிசெய்தது.

ஊர்தோறும் எத்தனை பள்ளிகள் என்று 1822-ல் கணக்கெடுக்கச் சொன்னவரும் மன்றோதான். 12,498 என்று விடை வந்தது.

கடைசிப் பயணம்

1827-ல் தாயகம் திரும்பும் முன், தான் கலெக்டராக இருந்த ஊர்களைக் கடைசியாகப் பார்க்கப் புறப்பட்டார். ஜூலை 6 அன்று, இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பட்டிகொண்டாவில் காலரா அவர் உயிரைப் பறித்தது.

சிலை வைக்கப்பட்டது 1839-ல். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், அங்கவடியை மட்டும் தேடாதீர்கள்... பட்டாவையும் அதற்கு விவசாயி கொடுத்த விலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்!