எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு?

கல்லீரலில் உள்ள சிறிய புற்றுக்கட்டியை வயிற்றைத் திறக்காமலே சுட்டு அழிக்க முடியும். ஸ்கேன் பார்த்தபடி தோல் வழியாக மெல்லிய மின்முனையைக் கட்டிக்குள் செலுத்தி, ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். திசுவின் அயனிகள் அலைக்கழிந்து உராய்வதில் வெப்பம் பிறக்கிறது. அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புரதங்கள் உறைந்து செல்கள் உடனே மடிகின்றன. 1990இல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இரு குழுக்கள் தனித்தனியே விலங்குக் கல்லீரலில் இதைச் செய்து காட்டின. சில ஆண்டுகளில் இது நோயாளிகளுக்கும் வந்துவிட்டது. இன்றும் புதிய கருவிகளும் கூட்டு மருந்துகளும் பன்றி, முயல், எலி ஆகியவற்றில் சோதித்த பிறகே மனிதரிடம் வருகின்றன. அந்த முடிவுகளை எவ்வளவு நம்பலாம்? வெப்பம் எப்படிப் பரவும் என்று கேட்டால் விலங்கின் பதிலை நம்பலாம். நோயாளியின் ஆயுள் நீளுமா என்று கேட்டால் அந்தப் பதிலை அப்படியே ஏற்க முடியாது.

முதல் வகைக் கேள்விக்குப் பன்றி நல்ல விடை தந்திருக்கிறது. மனிதருக்குப் பயன்படும் அதே கருவிகளை அதன் கல்லீரலிலும் பயன்படுத்தலாம். சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள ரத்தநாளம் அருகில் ஓடினால், ஓடும் ரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, நாளத்தை ஒட்டிய செல்கள் பிழைத்துக்கொள்கின்றன என்பது பன்றிகளில் தெளிவாகத் தெரிந்தது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்தபோது வெந்த பகுதி பெரிதானது. பெரிய நாளத்தை ஒட்டிய கட்டி மீண்டும் தலைதூக்குவதை மருத்துவர்கள் நோயாளிகளிடமும் காண்கிறார்கள். கசாப்புக் கடை மாட்டு ஈரலும் கணினியும் போதாதா என்று கேட்கலாம். திசு எப்போது கருகும், கருகியபின் மின்சாரம் ஏன் தடைபடும் என்பதற்கெல்லாம் போதும். அங்கே உயிருள்ள விலங்கு தேவையே இல்லை. ஆனால் வெட்டியெடுத்த ஈரலில் ரத்தம் ஓடாது. அந்த ஓட்டத்தின் விளைவைக் கணினி சரியாகக் கணித்ததா என்று பார்க்கவும் உயிருள்ள உடல்தான் வேண்டும்.

இரண்டாம் வகைக் கேள்வியில்தான் சறுக்கல். சோதனைப் பன்றியின் கல்லீரல் பொதுவாக ஆரோக்கியமானது. கல்லீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கோ அது ஏற்கெனவே சிரோசிஸால் தழும்பேறிச் சுருங்கியிருக்கும். முயல்களில் பயன்படும் விஎக்ஸ்2 கட்டி, வைரஸால் முயலின் தோலில் உண்டாகும் கட்டியிலிருந்து வந்தது. கல்லீரல் செல்லில் பிறந்ததன்று. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைத் தெர்மோடாக்ஸ் காட்டியது. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்து, சூடுபட்ட இடத்தில் வெளிவரச் செய்யும் ஏற்பாடு அது. விலங்குகளில் நம்பிக்கையூட்டியது. 701 நோயாளிகளிடம் நடந்த சோதனையோ பலன் இல்லை என்று 2013இல் சொன்னது. கட்டி 45 நிமிடங்களுக்குக் குறையாமல் சுடப்பட்டவர்களிடம் பலன் தெரிவதாகத் தோன்றவே, அதையே நிபந்தனையாக்கி 556 பேரிடம் மீண்டும் சோதித்தார்கள். அதுவும் 2020இல் கைகொடுக்கவில்லை. சூடான இடத்தில் மருந்து சேர்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சிரோசிஸ் உள்ள ஈரலில் வேறோர் இடத்தில் புதுக்கட்டி முளைக்கலாம், ஈரலே செயலிழக்கலாம்; ஆயுளைத் தீர்மானிப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு.

அப்படியானால் புற்றுநோயுள்ள விலங்குகளில் செய்யும் சோதனைகள் வீணா என்றால், இல்லை. எலிகளில் ஈரலின் ஒரு பகுதியைச் சுட்டதும் வளர்ச்சிக் காரணிகள் பெருகி, உடலின் வேறிடத்துக் கட்டி வேகமாக வளர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். முயல்களிலோ கட்டியை எதிர்க்கும் டி செல்கள் விழித்தெழுந்தன. இவ்விரண்டும் நோயாளிக்கான தீர்ப்பல்ல. நோயாளியின் ரத்தத்தில் எதைத் தேட வேண்டும் என்று காட்டும் குறிப்புகள். விலங்குகளின் வேதனையை எண்ணி இச்சோதனைகளை எதிர்ப்பவர்களின் வாதத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று 1959இல் அறிவியலாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த நெறியைக் கடைப்பிடிக்க, கேள்வியை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விடை தர முடியாத கேள்விக்காகக் கொல்லப்படும் விலங்கால் நோயாளிக்கும் நன்மையில்லை. 'முயலில் புற்று அழிந்தது' என்ற செய்தியைப் படிப்பவரும் இரண்டைக் கேட்கலாம்: அது எங்கே பிறந்த கட்டி? அவர்கள் அளந்தது வெந்த இடத்தின் அகலத்தையா, வாழ்ந்த நாட்களையா?