பூத்தும் காய்க்காத மரம்

மொரீஷியஸுக்குக் கிழக்கே ஏறக்குறைய 560 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரோட்ரிகஸ் தீவு. 1980-ஐ ஒட்டி அங்கே ஒரு பள்ளி ஆசிரியர், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ஒரு செடியின் படத்தை வகுப்பில் காட்டினார். மாணவன் ஒருவன் அதே செடியின் கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து நின்றான்!

அதன் பெயர் கஃபே மரோன். 'காட்டுக் காப்பி' என்று பொருள். காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இது, அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை. காட்டை வெட்டியதும், ஆடுமாடுகள் மேய்ந்ததும், வெளியிலிருந்து வந்த செடிகள் பரவியதுமாகச் சேர்ந்து கடைசியில் ஒற்றை மரமே மிஞ்சியிருந்தது.

இதன் இலைகளைப் பாருங்கள். இளங்கன்றில் அவை ஒடுங்கி நீண்டு, பழுப்பேறி, சருகுபோலத் தொங்கும். மரம் உயர்ந்ததும் அகன்ற, பளபளக்கும் கரும்பச்சை இலைகள் வரும். இரண்டும் ஒரே செடி என்றால் நம்புவது கடினம். அந்தத் தீவில் ஒரு காலத்தில் பெரிய நிலஆமைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. ஆமையின் கழுத்து எட்டும் உயரம்வரை இந்தச் சருகு வேடம், அதைத் தாண்டியபின் பச்சை என்பதே தாவரவியலாளர்கள் தரும் விளக்கம். ஆமைகளை மனிதர்கள் இறைச்சிக்காகப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள். பின்னால் வந்த ஆட்டிடம் அந்த வேடம் பலிக்கவில்லை.

மரம் கிடைத்த செய்தி பரவியதும் மருந்துக்கென்று கொப்புகளை ஒடிக்க ஆட்கள் வந்தார்கள். வேலி போட்டும் நிற்கவில்லை. வேலிக்குமேல் வேலி போட வேண்டியிருந்தது. 1986-இல் சில போத்துகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் போயின. ஒன்று வேர்பிடித்தது. அதிலிருந்து மேலும் கன்றுகள் எடுத்தார்கள். வெள்ளை நட்சத்திரங்களாகப் பூத்துக் குலுங்கியும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. முருங்கைப் போத்து நட்டால் தாய்மரமே மறுபடி வளர்வதைப்போல, இங்கும் எத்தனை தொட்டி வைத்தாலும் இருந்தது ஒரே மரம்தான். விதை இல்லாமல் வேற்றுமை இல்லை. வேற்றுமை இல்லாத இனத்துக்கு ஒரே நோய் போதும்.

கியூவின் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா விடவில்லை. பூவின் சூல்முடியை நறுக்கி, வெட்டிய இடத்திலேயே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். பலமுறை தோற்றபின், 2003-இல் ஒரு காய் திரண்டது. அதில் விதைகள் இருந்தன. விதையில் வளர்ந்த தலைமுறை பிறகு சொந்தத் தீவுக்கும் திரும்பியது.

விதையிலிருந்து முளைத்த அந்தக் கன்றுகள் ஒடுங்கிய பழுப்பு இலைகளோடுதான் எழுந்தன. தீவு மறந்துவிட்ட ஆமைகளை விதை மறக்கவில்லை.